சூடேறாத பிரேக்

செங்கல்பட்டு
10.2.2002

அன்புள்ள தம்பி கஸ்தூரிக்கு,

அக்காவின் ஆசிகள். நீயும் விஷாகாவும் சௌக்கியம்தானே? குளிர் வந்தால் ஸ்ரேயாஸுக்கு இளைப்பு வருமே, இந்த வருஷம் தேவலையா? இங்கே நானும் ஜெயந்தும் இருக்கிறோம்.

நான் வேலையில் இருந்தபோது ஒன்பதாம் வகுப்பில் பூங்கொடி என்று ஒரு பெண் இருந்தாள். ஒருநாள் எழுந்து, “டீச்சர், ஓடிகினு இருந்த வண்டி நின்னுடுதே, அந்த ஓட்டம் எங்க டீச்சர் பூடுது?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நான் எல்லோரையும் உள்ளங்கைகளை வேகமாகத் தேய்க்கச் சொன்னேன். கை சுட்டது. “அங்கேதான் போகிறது. வண்டியின் ஓட்டமெல்லாம் பிரேக்கில் சூடாக மாறிவிடுகிறது” என்றேன். பரீட்சைக்கு அந்த விடை போதும். இப்போது எனக்குப் போதவில்லை.

போன மாதம் போனில் நான் அழுததில் உனக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஜெயந்த் கூடத்திலேயே படுத்திருக்கிறான். போன் அவன் தலைமாட்டில் இருக்கிறது. அதனால் இனிமேல் கடிதம்தான். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அவனுடைய சிவப்புக் கார் உனக்குத் தெரியும். பழைய காராக வாங்கி, எஞ்சினைப் பிரித்து மாற்றி, லீவு நாட்களில் நண்பர்களோடு பந்தயத் தடத்தில் ஓட்டுவான். நீ சிநேகிதர் மூலம் கொடுத்தனுப்பிய பிரேக் பேடுகளை ஜனவரியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அதில் மாட்டினான். நான்தான் டார்ச் பிடித்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இரும்புத் தகடு, அதன்மேல் கறுப்பாக ஒரு கட்டி. சக்கரத்தோடு சுற்றும் வட்டத் தட்டை இரண்டு பக்கமும் கவ்வி நிறுத்துவது இதுதான் என்று காட்டினான். சந்தோஷமாக இருந்தான்.

மறுநாள் விடிவதற்கு முன் எடுத்துக்கொண்டு போனான். திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், அங்கிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே. கோவளத்தில் படகுகளுக்கு ஐஸ் கட்டி ஏற்றிய மூன்று சக்கர மிதிவண்டி ஒன்று சாலையைக் கடந்தது. மிதித்தவர் பெயர் காசிநாதன். ஜெயந்த் பிரேக்கை அழுத்தினான். கார் நிற்கவில்லை. அவரை அவனே தூக்கி, ஒரு மீன் வேனில் ஏற்றி, மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறான். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

அஜாக்கிரதையாக ஓட்டி உயிர்ச்சேதம் என்று வழக்கு. மோட்டார் வாகன ஆய்வாளர் காரை ஓட்டிப் பார்த்துவிட்டு, பிரேக் வேலை செய்கிறது என்று எழுதிவிட்டார். ஜெயந்த் யார் கேட்டாலும் ஒரே வார்த்தைதான் சொல்கிறான்: “நிறுத்தியிருக்கணும்.” உட்கார்ந்தால் தன் வலது பாதத்தையே பார்க்கிறான். சோற்றைப் பிசைந்து வைத்தால் அப்படியே காய்ந்துபோகிறது.

கால் தாமதமாகிவிட்டது என்று நினைக்கிறான். என் பிள்ளையின் கால் தாமதமாகாது. சைக்கிளில் போன காலத்திலேயே தெரு நாய்க்கு நின்று வழிவிட்டவன் அவன்.

கார் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது. அதற்கு நல்ல பேடாக மாற்றிப் போட வேண்டும். அவனை ஒருநாள் அதில் உட்கார வைக்க வேண்டும். அழுத்தினால் நிற்கிறது என்பதை அந்தக் கால் தானே தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பிள்ளை எனக்கு மிஞ்ச மாட்டான். நீ கார் பாகம் விற்கிற கடையில் இருக்கிறாய். எது நல்லது, எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விவரமாக எழுது.

அன்புடன்,
அக்கா ரமா

---

பர்மிங்ஹாம்
9.3.2002

அன்புள்ள அக்காவுக்கு,

கஸ்தூரியின் அநேக நமஸ்காரம். ஸ்ரேயாஸுக்கு இந்த வருஷம் பரவாயில்லை. உன் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? மாத்திரையை விடாதே.

படித்தேன். விஷாகாவும் படித்தாள். என்ன எழுதுவது என்று தெரியாமல் இரண்டு வாரம் போய்விட்டது.

நீ கேட்டதற்கு எழுதுகிறேன். கடைக்கு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, என்ன கார் என்றல்ல, எங்கே ஓட்டுவீர்கள் என்றுதான். பேடில் மூன்று வகை. ஒன்று, சாதாரணச் சாலைக்கு. காலையில் எடுத்ததும் முதல் அழுத்தலிலேயே பிடிக்கும். ஆனால் மலைப்பாதையில் விடாமல் அழுத்திச் சூடேற்றினால் பிடி தளரும். இரண்டாவது, வேகக் கார்களைச் சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு. குளிரிலும் ஓரளவு பிடிக்கும், சூட்டையும் தாங்கும். மூன்றாவது, பந்தயத் தடத்துக்கு மட்டும். பயங்கரச் சூட்டிலும் பிடி விடாது. விலையும் அதிகம், கீச்சென்ற சத்தமும் அதிகம்.

எதை மாட்டினாலும் வட்டத் தட்டைப் பார்க்க வேண்டும். தட்டில் வரி விழுந்திருந்தால் புதுப் பேடும் சரியாக உட்காராது. பிரேக் எண்ணெயையும் மாற்றச் சொல். ஜெயந்த் தேறிவிடுவான். வயசு இருக்கிறது.

நமஸ்காரத்துடன்,
கஸ்தூரி

---

செங்கல்பட்டு
29.3.2002

அன்புள்ள கஸ்தூரிக்கு,

ஆசிகள். மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறேன். ஸ்ரேயாஸ் தேவலை என்று படித்ததில் ஒரு நிம்மதி.

உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். நல்ல பாடமாக எழுதியிருக்கிறாய். ஆனால் விடைத்தாள் திருத்தியே கண் பழுதான எனக்கு ஒரு வழக்கம் உண்டு. பக்கம் நிறைய எழுதியிருக்கும் பிள்ளை எந்தக் கேள்வியை விட்டிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். முதல் வகை குளிரில் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறாய். இரண்டாவது ஓரளவு பிடிக்கும் என்கிறாய். மூன்றாவதற்கு வந்ததும் சூட்டில் எப்படி என்று மட்டும்தான் இருக்கிறது. குளிரில் எப்படி என்று இல்லை.

நானே யோசித்துப் பார்த்தேன். அப்பளம் பொரிக்கிறோம். எண்ணெய் நன்றாகக் காய்ந்தால் போட்டதும் பூத்துவிடும். காயாத எண்ணெயில் போட்டால் அப்படியே ஊறிக்கொண்டு கிடக்கும். அப்பளத்தின் மேலும் குற்றமில்லை, எண்ணெயின் மேலும் குற்றமில்லை. இந்த மூன்றாவது வகை பேட் அப்படியா? காயும் வரை பிடிக்காதா?

நீ ஜெயந்துக்கு அனுப்பியது எந்த வகை? பெட்டியைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவனைக் கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறான்.

கோபித்துக்கொண்டு கேட்கவில்லை. நீ ஆசையாகத்தான் அனுப்பினாய், எனக்குத் தெரியாதா? ஒரு வரி எழுது, போதும்.

அன்புடன்,
அக்கா

---

செங்கல்பட்டு
20.5.2002

அன்புள்ள கஸ்தூரிக்கு,

ஆசிகள். நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும். என் போன கடிதம் தபாலில் தொலைந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டேன். விஷாகா போன வாரம் போனில் பேசியபோது, “கிடைச்சுது அக்கா” என்று சொல்லிவிட்டு உடனே குழந்தையின் பரீட்சையைப் பற்றி ஆரம்பித்துவிட்டாள்.

ஜெயந்துக்கு வேலை போய்விட்டது என்றே வைத்துக்கொள். மறைமலைநகரிலிருந்து கம்பெனி பஸ் இப்போதும் வந்து நம் தெரு முனையில் ஹார்ன் அடிக்கிறது, மற்றவர்களுக்காக. அந்தச் சத்தம் கேட்டால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறான். நாள் முழுக்க அவன் செய்கிற ஒரே காரியம் அதுதான்.

வக்கீல் ராமதாஸ் நல்ல மனுஷர். “பிரேக்கில் ஏதாவது குறை இருந்ததென்று காட்ட முடிந்தால் பையனுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும், மாமி” என்றார். ஜெயந்தைக் கூட்டிக்கொண்டு போனேன். அவரிடமும் அதே வார்த்தைதான்: “நிறுத்தியிருக்கணும் சார்.” ராமதாஸ் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

எனக்கு வழக்குகூட அப்புறம்தான் கஸ்தூரி. அடுத்த தெரு சம்பூர்ணம் சாயங்காலத்தில் அவனோடு பேச்சுக் கொடுக்க வருவாள். நேற்று அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ரமா, கிணத்து மூடியைப் பூட்டி வை” என்றாள். பூட்டிவிட்டேன். பூட்டும்போது அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு வரி. நீ அனுப்பியது மூன்றாவது வகை, அது குளிரில் பிடிக்காது, அவன் கால் சரியாகத்தான் அழுத்தியது. இவ்வளவுதான். எழுதி அவன் பெயருக்கே அனுப்பு. மாமா எழுதினால் நம்புவான். அம்மா சொல்வதை எந்தப் பிள்ளை நம்பும்?

அக்கா ரமா

---

பர்மிங்ஹாம்
18.6.2002

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். இங்கே எல்லோரும் நலம். வெயில் வந்துவிட்டது. ஸ்ரேயாஸ் பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறான்.

ஜெயந்தின் காருக்குப் பொருந்தும் பேடுகளைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். முதல் வகை, சாலைக்கானது. அவன் கார் கனமில்லாதது. எஞ்சினை மாற்றியிருந்தாலும் சாலையில் ஓட்ட இது தாராளமாகப் போதும். யாராவது நல்ல மெக்கானிக்கை வைத்து மாட்டச் சொல். பழையதைக் கழற்றிப் போட்டுவிடச் சொல். வட்டத் தட்டை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்த பிறகுதான் புதியதை மாட்ட வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். கிணற்று விஷயம் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

கஸ்தூரி

---

செங்கல்பட்டு
21.7.2002

அன்புள்ள கஸ்தூரிக்கு,

ஆசிகள். பார்சல் பத்திரமாக வந்தது. ஸ்ரேயாஸுக்கு என் பாராட்டைச் சொல்.

பழையதைக் கழற்றிப் போடச் சொன்னாய். நான் போடவில்லை. அதை வைத்து ஒரு சோதனை செய்தேன். மறைமலைநகரில் லாரி செட் வைத்திருக்கும் செங்கல்வராயன் என்பவரின் பெண் என்னிடம் படித்தவள். அவருடைய செட் பெரியது, சுற்றிலும் மதில். வாசல் கதவைப் பூட்டச் சொல்லிவிட்டு, தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டேன். கோட்டைத் தொட்டதும் அழுத்த வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே வேகம். அவர் ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“இன்னா டீச்சர், இந்த வயசுல உனக்கு ரேஸ் கேக்குதா? பெல்ட்ட இழுத்து மாட்டு. உனக்கு ஒண்ணுன்னா எம் பொண்ணு என்னை வூட்டுல சேக்காது” என்றார்.

“கோட்டைப் பாருங்கள்” என்றேன்.

“பாத்துகினு தான் கீறேன். நீ மார்க்க கொறச்சிடாத.”

முதலில் பழைய பேடுகள். ராத்திரி முழுக்க நின்ற கார், எல்லாம் குளிர்ந்திருந்தது. கோட்டைத் தொட்டதும் அழுத்தினார். கார் போய்க்கொண்டே இருந்தது, கஸ்தூரி. ஏதோ யோசித்துக்கொண்டு நடக்கிறவனைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் கொஞ்ச தூரம் போய்த்தானே நிற்பான், அந்த மாதிரி. மதிலுக்குப் பக்கத்தில் போய் நின்றது. செங்கல்வராயன் சிரிப்பை நிறுத்திவிட்டார். “யம்மாடி, கல்லு மேல காலை வெச்சா மாரி கீது டீச்சர். மிதிக்கிறேன், புடிக்கவே மாட்டேங்குது” என்றார்.

மறுபடி மறுபடி ஓட்டச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் நிற்கும் இடம் கோட்டுக்குப் பக்கமாக வந்துகொண்டே இருந்தது. சக்கரத்திலிருந்து தீய்ந்த வாசனை வந்த பிறகு, அழுத்தினதும் என் நெற்றி முன்னால் போய் முட்டுகிற மாதிரி நின்றது. ஆய்வாளரும் காரைப் பல தடவை ஓட்டி நிறுத்தித்தானே பார்த்திருப்பார். அதற்குள் அது சூடாகியிருக்கும். அவர் எழுதியதிலும் பொய் இல்லை.

பிறகு நீ அனுப்பிய பேடுகளை மாட்டினோம். காரை ஆறவிட்டு ஓட்டினோம். முதல் அழுத்தலிலேயே நின்றது.

இனி நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். சந்தோஷம் என்றுதான் நினைக்கிறேன். அவன் கால் குற்றமில்லை. அதை அவனிடம் சொல்லப்போகிறேன். ஆனால் உன் எழுத்தும் கையில் இருந்தால் நல்லது. இப்போதாவது எழுது. நீ தெரியாமல் அனுப்பினாய் என்றே எழுது. உன்னை நான் எதுவும் கேட்க மாட்டேன், இது சத்தியம்.

அக்கா

---

பர்மிங்ஹாம்
24.8.2002

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். நலமா?

அவனிடம் சொல்லாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன். வக்கீலிடமும் வேண்டாம். காரணம் கேட்காதே. நீ என்னைக் கோழை என்று நினைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, நினைத்துக்கொள்.

கஸ்தூரி

---

செங்கல்பட்டு
24.9.2002

கஸ்தூரிக்கு,

ஆசிகள். உன் கடிதம் வந்த அன்று உன்னை அப்படித்தான் நினைத்தேன். தன் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று அக்கா பிள்ளையைச் சாகவிடுகிறான் என்று நினைத்தேன். நமஸ்காரம் என்ற வார்த்தையைப் படிக்கவே கசந்தது.

ஜெயந்திடம் சொல்வதற்கு முன்னால் வேறு ஓரிடத்துக்குப் போனேன். இறந்தவரின் மனைவி எல்லம்மாள் கோவளத்தில் இருக்கிறாள். இத்தனை நாள் போகத் துணிச்சல் வரவில்லை. கையில் ஓர் உண்மை கிடைத்துவிட்டதால் துணிச்சல் வந்தது. அவளுக்கும் அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன் பார், எவ்வளவு படித்த முட்டாள் நான்.

ஒற்றை அறை வீடு. அந்த மூன்று சக்கர வண்டி வளைந்த சக்கரத்தோடு வெளியே நிற்கிறது. அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் யாரென்று சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு ஒரு ஸ்டூலைத் தள்ளினாள்.

“ஒக்காரு. உம் புள்ளதான் அவரை மடியில போட்டுகினு வந்துச்சாம். வேன்காரன் சொன்னான். சட்டையெல்லாம் ரத்தமாமே. இப்ப எப்டி கீது அது?”

நான் தயார் செய்துகொண்டு போனதையெல்லாம் சொன்னேன். புதிதாக மாட்டிய பேட், அது சூடாகாமல் பிடிக்காது, அவன் சரியான நேரத்தில்தான் அழுத்தினான். அப்பள உதாரணத்தைக்கூடச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“சரி டீச்சர். அத்தெல்லாம் எனக்குத் தெரியாது. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். காலங்காத்தால எங்க ஊர் ரோட்டுல இன்னாத்துக்கு அம்மாம் வேகம்?”

“அந்த நேரத்தில் சாலை காலியாக இருக்கும் என்று நினைத்துவிட்டான்” என்றேன்.

“காலியா?” அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. கோபம்கூட இல்லை. “போட்டுங்க கரைக்கு வர்ற நேரம் டீச்சர் அது. ஐஸ்காரன், ஏலக்காரன், கூடைக்காரி அல்லாரும் அப்ப ரோட்டுலதான் கீறோம். உங்க கண்ணுக்குத்தான் காலி. நீங்க எந்திரிச்சாத்தான் ரோட்டுல ஆளு வரும்னு நெனச்சிகினு கீறீங்களா?”

எழுந்து வந்துவிட்டேன். வரும்போது, “புள்ளய சாப்புட சொல்லு” என்றாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலமே ஜெயந்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். சோதனை, சுண்ணாம்புக் கோடு எல்லாவற்றையும் சொன்னேன். “உன் கால் தாமதமாகலடா. மாமா தெரியாம பந்தயப் பேடை அனுப்பிட்டான்” என்றேன்.

அவன் எழுந்து உட்கார்ந்தான். மாதக்கணக்கில் இல்லாத தெளிவு முகத்தில். ஒரு நிமிஷம் நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

“மாமா தெரியாம அனுப்பலம்மா. பந்தயப் பேடுதான் வேணும்னு நான்தான் கேட்டு வாங்கினேன்.”

“அது குளிர்ல பிடிக்காதுன்னு உனக்கு...”

“தெரியும். பெட்டி மேலயே எழுதியிருந்தது, ரோட்டுக்கு இல்லைன்னு. புதுசா மாட்டினா முதல்ல நாலு தடவை வேகமா ஓட்டி அழுத்திச் சூடு பண்ணிப் பதப்படுத்தணும். மாமா போன்ல கேட்டார், எங்கடா பண்ணுவேன்னு. பந்தயத் தடத்துலதான் பண்ணணும்னார். அதுக்கு ஒரு நாள் காத்திருக்கணும்மா. எனக்குப் பொறுக்கல. விடியக்காலையில கோவளம் ரோடு காலியா இருக்கும் மாமான்னேன். அவர் முதல்ல இழுத்தார். அப்புறம், சரி, ஜாக்கிரதைன்னார்.”

நான் அவன் காலையே பார்த்தேன். அவனும் பார்த்தான்.

“என் கால் தாமதமாச்சுன்னு நான் எப்பம்மா சொன்னேன்? அவரைப் பார்த்த உடனே அழுத்திட்டேன். அதுதான். அழுத்தறச்சேயே எனக்குத் தெரியும்மா, இது நிக்காதுன்னு. தெரிஞ்சுண்டே அழுத்திண்டு போனேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.”

பிறகு படுத்துக்கொண்டான். நான் சொன்ன உண்மை அவனிடம் முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. அதன் அடியில்தான் அவன் படுத்துக் கிடந்திருக்கிறான். நான் என்னவோ அதைத் தேடிக் கொண்டுவந்து மருந்து என்று நீட்டினேன்.

நீ ஏன் வாய் திறக்கவில்லை என்று இப்போது புரிகிறது. தெரிந்தே செய்தான் என்று அவன் அம்மாவுக்கு எப்படி எழுதுவாய்? உன்னைக் கோழை என்று நினைத்ததை மாற்றிக்கொண்டேன். ஆனால் அதற்குப் பதிலாக வேறு எந்த வார்த்தையை வைப்பது என்று தெரியவில்லை.

ரமா

---

பர்மிங்ஹாம்
27.10.2002

அன்புள்ள அக்காவுக்கு,

அநேக நமஸ்காரம். கடிதம் கிடைத்தது.

இப்படிக்கு,
கஸ்தூரி

---

செங்கல்பட்டு
15.12.2002

அன்புள்ள தம்பி கஸ்தூரிக்கு,

ஆசிகள். நமஸ்காரத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவில் நீ எழுத முடியாமல் விட்டதைப் படித்துக்கொண்டேன். உடம்பைப் பார்த்துக்கொள். விஷாகாவைத் தனியாகக் கவலைப்பட விடாதே.

வழக்கு முடிந்துவிட்டது. ராமதாஸிடம் என் சோதனையைச் சொல்லியிருந்தேன். அதை வைத்து வாதாடலாம், ஆய்வாளரைக் குறுக்கு விசாரணை செய்யலாம் என்று அவர் தயாராகத்தான் இருந்தார். ஜெயந்த் அவரிடம், “பிரேக் மேல பழி போட்டா அது பொய் சார். அது எதுக்குப் பண்ணினதோ அதுக்கு நல்ல பிரேக்” என்று சொல்லிவிட்டான். கோர்ட்டில் எழுந்து நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டான். மாஜிஸ்திரேட் இரண்டாவது முறை கேட்டார், யோசித்துத்தான் சொல்கிறாயா என்று. தலையை ஆட்டினான். ஒரு வருஷம். அப்பீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

எல்லம்மாள் வந்திருந்தாள். தீர்ப்பைச் சொன்னதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பார்த்தேன். அவள் தன் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

ஜெயிலில் பார்த்தேன். சாப்பிடுகிறானாம். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “ஏம்மா இளைச்சுட்டே?” என்று என்னைக் கேட்டான். அவன் தேறிவிட்டான் என்று நினைத்துவிடாதே. அங்கே அவனுக்கு யாரும் ஆறுதல் சொல்வதில்லை, அதுதான் அவனுக்கு வசதியாக இருக்கிறது. வெளியே வந்த பிறகு என்ன செய்வான் என்று எனக்குத் தெரியவில்லை. கிணற்று மூடியின் சாவியை இன்னும் இடுப்பில்தான் வைத்திருக்கிறேன்.

காரைச் செங்கல்வராயன் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நீ அனுப்பிய பேடோடுதான். நன்றாக நிற்கிறதாம்.

போன வாரம் ஒருநாள் நான் மாமல்லபுரத்தில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, விடிவதற்கு முன் முதல் பஸ் பிடித்துக் கோவளம் போனேன். அந்த இடத்தில் நின்றேன். இருட்டு விலகவில்லை. ஐஸ் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. தொழுகை முடிந்து வருகிற பெரியவர்கள் சாலை ஓரமாக நடந்தார்கள். மாதா கோயிலுக்குப் போகும் ஒரு பெண் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்தாள். கூடைக்காரிகள் ஒருவரை ஒருவர் வைதுகொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். டீக்கடையில் உட்கார இடமில்லை. நான் நடுவில் நின்றதால் ஒருவன், “ஓரமா நில்லும்மா, வண்டி வர்ற வழி” என்று அதட்டினான்.

இதைத்தான் என் பிள்ளை உன்னிடம் காலி என்று சொன்னான். நீ அதை ஒப்புக்கொண்டாய். நானும் அந்த வார்த்தையைக் கொண்டுபோய் எல்லம்மாளிடமே சொன்னேன். மூன்று பேரும் படித்தவர்கள். இத்தனை மாதமாக எந்த பேட் நல்லது என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். எதை மாட்டியிருந்தாலும் அவன் அன்று அந்த வேகத்தில்தான் அங்கே வந்திருப்பான். எனக்கு இனிமேல் உன்னைக் கேட்க ஒன்றுமில்லை.

ஸ்ரேயாஸுக்கு என் ஆசிகள். அவனும் சீக்கிரம் கார் ஓட்டக் கற்றுக்கொள்வான்.

அக்கா ரமா

பி.கு.: நாளைக்கு விடிவதற்கு முன் எழுந்து, ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, காரை எடுக்காமல் உன் தெரு முனைவரை நடந்து போய், அந்த நேரத்தில் யார் யார் போகிறார்கள் என்று நின்று பார்.